இருவரை விட்டு வாருங்கள்

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு நந்தனாரின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர் அவர். தில்லை எல்லையை அடைந்த பின்னும் உள்ளே நுழையத் துணியாமல் ஊரை வெளியிலிருந்தே வலம் வந்தார் என்கிறது பெரியபுராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனைகளாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத வேதியராகிய ஆண்டையொருவர் கதைக்குள் வந்து சேர்ந்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் நந்தனாரின் பெயராலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலைப் பற்றிய கதை அவ்வாறு கல்விச்சாலை வாசலைப் பற்றியதாகவும் ஆயிற்று.

இக்கதையைப் பேசும்போதெல்லாம் நாம் இரு தரப்பினரைப் பற்றியே பேசிவருகிறோம். ஒன்று, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். மற்றொன்று, வாசலை அடைத்தவர். மூன்றாவதாக ஒரு தரப்பும் எப்போதும் உண்டு. உள்ளே செல்ல எந்தத் தடையும் இல்லாதவர்கள். வெளியே நிற்பவனுடன் அதுவரை ஒன்றாக நடந்து வந்தவர்கள். "அவனை விட்டுவிட்டு நீ மட்டும் வா" என்று வாசலில் நிற்பவர் சொல்லும்போது அவர்கள் என்ன செய்தார்கள்? வரலாற்றில் இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள் என்பதே பொதுவான விடையாதலால், எழுத வேண்டிய தேவையும் எழவில்லை போலும்.

மாறான விடையொன்று கிடைக்கும் இடம் நமக்கு வெகு தொலைவில் உள்ளது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் என்னும் சிறிய கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தின் 1951ஆம் ஆண்டுக் கால்பந்து அணியே அது. ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற அணி. அந்த ஆண்டோடு கலைக்கப்பட்ட அணியும் அதுவே.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கண்டு பழகிய கால்பந்தன்று. பதினொருவர் கொண்ட இரு அணிகள் மோதும் ஆட்டம் என்ற அளவில்தான் ஒற்றுமை. முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைவரை ஓட வேண்டும். தடுப்பவர்கள் ஓடுபவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். ஏறக்குறைய நம்முடைய சடுகுடுவின் உடல்மோதலும் நீண்ட ஓட்டமும் ஒன்றாய்க் கலந்தது எனலாம். மெய்க்காவலர்போல் முன்னே சென்று வழியுண்டாக்குபவர்கள் இல்லாமல், எத்தகைய ஓட்டக்காரராலும் பத்தடி தாண்ட முடியாது. ஒருவர் பெயர் பெறுவதற்குப் பத்துப்பேர் அடிபட வேண்டிய ஆட்டம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855இல் இயேசு சபைத் துறவியர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதன் அணிக்கு 'டான்ஸ்' என்று பெயர். பயிற்றுநர் ஜோ குஹாரிச் கண்டிப்புக்குப் பெயர்போனவர். அணியைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் பீட் ரோஸெல் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் இருந்தார். அணியில் இத்தாலியக் குடியேறிகளின் மகனான ஜீனோ மார்ச்செட்டி இருந்தார்; இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டுத் திரும்பி, அதன் பின்னரே கல்லூரிக்கு வந்தவர். பாப் செயின்ட் கிளேர் என்ற நெடிய உருவத்தினர் இருந்தார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக எட் பிரவுன் இருந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த இருவரும் இருந்தனர். ஒருவர் டெக்சாஸில் பிறந்த ஆலி மேட்சன். மற்றவர் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்த பர்ல் டோலர். இருவரும் தென்மாநிலங்களில் பிறந்து மேற்குக் கரைக்கு வந்தவர்கள். அந்நகரின் சிட்டி காலேஜில் ஒன்றாக ஆடிப் பின் டான்ஸ் அணிக்கு வந்தவர்கள்.

1951இல் அமெரிக்கா எவ்வாறு இருந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 'தனித்தனியே, ஆயினும் சமமாக' என்னும் கோட்பாட்டை 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வர 1954வரை காத்திருக்க வேண்டும். ஜாக்கி ராபின்சன் 1947இல் தொழில்முறைப் பேஸ்பாலின் முதன்மை அணியொன்றில் கால்வைத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்குக் கல்லூரிகள் தெற்கே ஆடச் செல்லும்போது தம் கறுப்பின ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுச் செல்வது வழக்கமாகவே இருந்தது. அதற்குக் 'கனவான்களின் உடன்பாடு' என்று நாகரிகமான பெயரும் இருந்தது. 1940இல் நியூயார்க் பல்கலைக்கழக அணி மிசௌரிக்குச் சென்றபோது லெனார்ட் பேட்ஸ் என்னும் ஆட்டக்காரரை விட்டுச் சென்றது. "பேட்ஸ் ஆட வேண்டும்" என்று மாணவர்கள் திரண்டு போராடினர். அவர்களுள் எழுவர் 1941இல் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களை அதே பல்கலைக்கழகம் அழைத்துப் பெருமைப்படுத்தியது 2001இல். அறுபதாண்டுகள் கடந்த பின்னர்.

டான்ஸ் அணியின் பருவம் செப்டம்பரில் தொடங்கியது. சான் ஹோசே அணியை 39–2 என்று வென்றனர். பின்னர் மீண்டும் ஒருமுறை 42–7 என்று வென்றனர். ஐடஹோ, காம்ப் பெண்டில்டன் படையணி, சான் டியேகோ கடற்படை அணி, அண்டைக் கல்லூரியான சான்டா கிளாரா எனத் தொடர்ந்து வெற்றிகள். நியூயார்க்குக்குச் சென்று ஃபோர்டம் பல்கலைக்கழகத்தை 32–26 என வென்றதே நெருக்கமான ஆட்டம். அதில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைத் தம் எல்லையருகே பிடித்த மேட்சன், களத்தின் மறுகோடிவரை ஓடிச் சேர்ந்தார். அவ்வாறு ஓடியது ஒருமுறையன்று, இருமுறை. அப்பருவம் முழுவதிலும் அவர் பந்துடன் ஓடிக் கடந்த தொலைவு 1,566 கஜம். எல்லை தொட்டது 21 முறை. நாட்டிலேயே இரண்டிலும் அவரே முதலிடம். எனினும் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

அதே அக்டோபர் மாதத்தில்தான் வேறொரு கொடுமையும் நிகழ்ந்தது. டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஓக்லஹோமாவில் ஆடச் சென்றிருந்தார். பந்து அவரிடம் இல்லாத வேளையில், எதிரணியைச் சேர்ந்த ஒருவர் திரும்பத் திரும்ப அவர் முகத்தில் இடித்துத் தாடையை உடைத்தார். இரு புகைப்படக்காரர்கள் அதைப் படமெடுத்தனர். 1952இல் அப்படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எதிரணியினரின் பல்கலைக்கழகம் எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்தது 2005இல். ஜானி பிரைட் 1983லேயே இறந்துவிட்டிருந்தார்.

நவம்பர் நடுவில் டான்ஸ் அணி ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரியை எதிர்கொண்டது. பசிபிக் வலிய அணி. வென்றவருக்குப் புத்தாண்டு அழைப்பு உறுதி என்று பலரும் எதிர்பார்த்தனர். டான்ஸ் 47–14 என்று வென்றது.

இந்தப் 'புத்தாண்டு அழைப்பு' என்பதை விளக்க வேண்டும். பருவம் முடிந்ததும் ஜனவரி முதல் நாளையொட்டிச் சில நகரங்கள் சிறப்பாட்டங்களை நடத்தும். அவற்றுக்குப் 'பவுல்' என்று பெயர். குளிர்காலத்திலும் வெயிலடிக்கும் தென்னகரங்களின் வணிகர்கள் கூடி, சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க உருவாக்கியவை அவற்றுட் பல. மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல். யார் ஆடுவது என்பதை அக்காலத்தில் அவ்வக்குழுவினரே முடிவு செய்து அழைத்தார்கள். கலிபோர்னியாவிலேயே நடக்கும் ரோஸ் பவுல் அப்போது இரு பெரிய கூட்டமைப்புகளின் அணிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. எக்கூட்டமைப்பையும் சாராத டான்ஸுக்கு அங்கே இடமில்லை. ஆகவே தெற்கிலிருந்து வரும் அழைப்பே அவர்களுக்கிருந்த ஒரே வழி. அழைப்பு என்பது வெறும் பெருமையன்று, பெரும்பணம்.

அப்போதைய கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு அப்பணம் உயிர்நீர். சான் பிரான்சிஸ்கோவில் தொழில்முறை அணி ஒன்று வளர்ந்துவந்தது. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சிறு கல்லூரிகளின் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்தது. அண்டையிலிருந்த செயின்ட் மேரீஸ் கல்லூரி 1950ஆம் ஆண்டுப் பருவத்தோடு தன் அணியைக் கலைத்துவிட்டிருந்தது. டான்ஸ் அணியும் கடனில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் செய்தி வந்தது. கடிதமாக வரவில்லை, இத்தகைய செய்திகள் எவ்விடத்திலும் கடிதமாக வருவதில்லை. தெற்கில் ஆட இடமுண்டு, மேட்சனும் டோலரும் இல்லாமல் வருவதானால், என்பதே அது. பயிற்றுநர் குஹாரிச் அதை அணியினரிடம் தெரிவித்தார். அணி மறுத்தது. இருவர் இல்லாமல் எவரும் வரமாட்டார்.

அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று முதுமையில் அவர்களிடம் பலரும் கேட்டார்கள். மார்ச்செட்டியும் செயின்ட் கிளேரும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் சொல்லிவந்தனர்: பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை. வீரவுரை இல்லை; விவாதம் இல்லை. வரலாற்றாசிரியனுக்கு ஏமாற்றமளிக்கக்கூடிய இச்சான்றே எனக்கு இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாகத் தோன்றுகிறது. நீண்ட விவாதத்துக்குப்பின் எடுத்த முடிவாக இருந்திருந்தால், எதிர்த்தரப்பு வாதமும் ஒருவாறு நியாயம் பெற்றிருக்கும். "கல்லூரியின் நலன் கருதி", "இந்த ஒருமுறை மட்டும்", "அவர்களே போய்வரச் சொல்கிறார்களே" என்பன போன்ற சொற்கள் புகுவதற்கான சந்து அங்கே இருந்திருக்கும். அச்சந்தே அவர்களிடம் இல்லை.

நவம்பர் 24 அன்று லொயோலா அணியை 20–2 என்று வென்று பருவத்தை முடித்தனர். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. நாட்டின் தரவரிசையில் பதினான்காம் இடம். அழைப்பு எதுவும் வரவில்லை. ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக்கும் பேலரும் ஆடின. சுகர் பவுலில் மேரிலாந்தும் டென்னசியும் ஆடின. டான்ஸ் எதிர்கொண்ட அணிகள் வலியவையல்ல என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் டான்ஸிடம் 47–14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்கு எல் பாசோ நகரின் சன் பவுலில் ஆட அழைப்பு கிடைத்தது என்பதையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பருவம் முடிந்த சில வாரங்களில் பல்கலைக்கழகம் பற்றாக்குறையைக் காட்டி அணியைக் கலைத்தது. குஹாரிச் தொழில்முறை அணிக்குப் பயிற்றுநராகச் சென்றார். மறுத்ததற்கு விலை உண்டு. அவர்கள் அதைக் கொடுத்தார்கள்.

இங்கே நம் நாட்டு நிகழ்ச்சியொன்றை ஒப்பிடத் தோன்றுகிறது. பல்வங்கர் பாலு கிரிக்கெட் வரலாற்றில் மறக்கக்கூடாத பெயர். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்த அவர், 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதற்கு முன்பு புனாவில் இந்து அணிக்காக அவர் பந்துவீசியபோது, தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே தனி மண்கலயத்தில் கொடுக்கப்பட்டது. அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் அணிக்குப் பொது. தேநீர் மட்டும் தனி. 1920இல் தலைமைப் பதவியில் சாதி குறுக்கிட்டபோது அவர் தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். போராட்டம் வென்றது, ஆனால் விலகியவர்கள் உடன்பிறந்தோர் என்பதைக் கவனிக்க வேண்டும். இழிவுக்கு உள்ளானவரே, அல்லது அவர்தம் இரத்த உறவினரே, போராடியாக வேண்டும் என்பது நம் பொதுவிதி. தேநீர் அறைக்குள் அமர்ந்திருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்ததாகச் செய்தியில்லை.

இதனால்தான் 1951ஆம் ஆண்டு அணியை வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கொள்ள இயலவில்லை. நந்தனார் கதையில் வாசல் திறக்க வேண்டுமென்றால் மாற வேண்டியவர் நந்தனார்தாம். தீயில் மூழ்கி எழ வேண்டியவரும் அவரே. டான்ஸ் கதையில் மேட்சனும் டோலரும் எந்தத் தீயிலும் மூழ்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் வாசலுக்கு இப்பாலேயே நின்றுவிட்டார்கள். தமிழ் மரபில் இதற்கு அயலான மனநிலை இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனைக் கண்டேயிராத பிசிராந்தையார் வந்து அருகமர்ந்தார் என்று போற்றுகிறோம். நட்புக்காக உயிரை விடுவதைப் பாடிய மரபு நம்முடையது. நட்புக்காக ஒரு பந்தியை, ஒரு வாய்ப்பை, ஓர் அழைப்பை விடுவது அதனினும் சிறியதுதானே? ஆயினும் நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பொங்கல் கபடிக்கு ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று பிரிந்து நிற்பதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். ஒன்றாக ஆடினால்தானே ஒருவருக்காக ஒருவர் மறுக்கும் தருணம் வரும்? முன்னே சென்று வழியுண்டாக்குபவர் இன்றி ஓட்டக்காரர் இல்லை என்று மேலே குறிப்பிட்டேன். மேட்சனின் ஓட்டத்துக்காகத் தம் உடம்பில் அடிவாங்கியவர்களே அவரை விட்டுச்செல்ல மறுத்தவர்கள். நாள்தோறும் ஒன்றாக விழுந்தெழுந்த பழக்கமே, அந்த அறையில் பேச்சுக்கு இடமில்லாமற் செய்தது என்று கருதுகிறேன்.

பின்வந்த ஆண்டுகள் அவர்களுள் சிலருக்குப் புகழைக் கொடுத்தன. அவ்வணியினர் ஒன்பதின்மர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர். மேட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். மேட்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார், நம் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றதும் அதே ஒலிம்பிக்கில்தான். பீட் ரோஸெல் 1960முதல் 1989வரை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையராக விளங்கினார். எல்லோருக்கும் அவ்வாறு அமையவில்லை. பலருக்கு அந்தப் பருவமே வாழ்வின் கடைசி ஆட்டப்பருவம்.

பர்ல் டோலர் அத்தகையவர்களுள் ஒருவர். 1952 கோடையில் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் முறிந்து அவர் ஆட்டவாழ்வு முடிந்தது. அவர் ஆசிரியரானார், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரானார். 1965இல் தொழில்முறைக் கால்பந்தில் நடுவராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு எதிலும் அதற்கு முன்பு கறுப்பின நடுவர் இருந்ததில்லை. 1980இல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலும் நடுவராக நின்றார். எந்தக் களத்துக்குள் வராதே என்று சொன்னார்களோ அத்தகைய களத்தில் விதியைச் சொல்பவராக நின்றவர் 2009இல் காலமானார்.

2006இல் பல்கலைக்கழகம் அவ்வணியினருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 2014இல் அவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. இவற்றைக் காட்டிலும் என்னைக் கவர்ந்த செய்தி 2017இல் நிகழ்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்று ஜேம்ஸ் ஃபீலன் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் அந்நகரின் மேயராகவும் பின்னர் செனட்டராகவும் இருந்தவர். ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்து, கலிபோர்னியா வெள்ளையருடையதாகவே இருக்க வேண்டும் என்ற முழக்கத்தோடு 1920இல் தேர்தலில் நின்றவர். மாணவர்கள் அப்பெயரை மாற்றக் கோரினர். அவ்விடுதி இப்போது பர்ல் டோலர் பெயரால் வழங்குகிறது.

அவ்விடுதியில் இன்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிறார்கள். ஆசியப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. பெயர்ப்பலகையில் இருப்பது ஒருவர் பெயர்தான். அவருக்காகத் தெற்கே போகாமல் நின்றுவிட்டவர்களின் பெயர்களையும் அங்கே வருகிறவர்களுக்கு யாரேனும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.